கட்டா ஒன்று, அர்த்தம் நாலு: பிராட் மென்பொருளை வைத்துப் பஞ்சாபி கேட்ட கதை

தயிர் புளித்திருக்கிறது என்று சொல்லப் போய், தயிர் எருமைக்கன்றாக இருக்கிறது என்று சொன்னவன் நான். லூதியானாவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் பீஜி என்றுதான் கூப்பிடுகிறார்கள் (முதல் எழுத்தை 'பஸ்'ஸில் வரும் ப-வாகப் படிக்கவும், தயவுசெய்து). அவர் ஒரு கிண்ணம் தயிர் கொடுத்தனுப்பி, எப்படி இருந்தது என்று மறுநாள் கேட்டார். கொஞ்சம் 'கட்டா' என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. 'கட்டா' என்றால் எருமையின் ஆண் கன்று. புளிப்புக்கும் 'கட்டா'தான், ஆனால் அந்தக் க வேறு க.

திருப்பூர்க்காரனுக்கு லூதியானாவில் என்ன வேலை என்று பனியன் தொழிலில் இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். அங்கே பருத்தி பனியன், இங்கே கம்பளி ஸ்வெட்டர், இரண்டு ஊருக்கும் பின்னல் மெஷின் பாஷை ஒன்றுதான். ஆபீஸில் என் இந்தி ஓடிவிடும். வீட்டுக்கு வந்தால் ஓடாது. பீஜிக்கு இந்தி தெரியும், ஆனால் பேச மாட்டார். என்னைப் 'புத்தர்' என்று கூப்பிடுவார், மகனே என்று அர்த்தம். முதல் இரண்டு நாள் எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

இது மென்பொருள் விமர்சனம்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் நான் காசு கொடுத்து வாங்கியது ஒரு போன் செயலி, பெயர் வேண்டாம். அது ஒரு சொல்லைச் சொல்லிக் காட்டும், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும், சரியாக இருந்தால் பச்சை டிக் போடும். புளிப்பு என்ற சொல்லுக்கு நான் எருமைக்கன்றைச் சொன்னேன், பச்சை டிக். வேண்டுமென்றே மூட்டையைச் சொன்னேன் (அதுவும் 'கட்டா'தான், அதற்கு வருகிறேன்), பச்சை டிக். ஏதோ ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் போதும் என்று அதற்குச் சொல்லிவைத்திருப்பார்கள் போல. மூன்று மாதச் சந்தா போனது போனதுதான். மொழியியல் படித்த நண்பன் ஒருவனிடம் புலம்பியபோது, காசு கேட்காத ஒன்று இருக்கிறது, ஆனால் அது டிக் எல்லாம் போடாது, நீ என்ன சொன்னாய் என்று படம் போட்டுக் காட்டும், சரியா தப்பா என்று நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான். அதுதான் பிராட்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மா, டேவிட் வீனிங்க் என்ற இருவர் உருவாக்கியது. 1990களிலிருந்து இருக்கிறது, இன்னும் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். 'பிராட்' என்றால் டச்சு மொழியில் 'பேசு'. இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸில் நிறுவக்கூடத் தேவையில்லை, ஜிப்பை அவிழ்த்து ஒரு கோப்பைத் தட்டினால் திறந்துகொள்ளும், என் பழைய லேப்டாப்பில் முனகாமல் ஓடுகிறது. உலகம் முழுக்கப் பேச்சொலி ஆராய்ச்சி செய்பவர்கள் கையில் இருப்பது இதுதான் என்பதால், எந்தச் சந்தேகத்துக்கும் யாராவது எங்காவது பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

திறந்ததும் இரண்டு ஜன்னல்கள் வரும். ஒன்றில் நாம் ஏற்றிய ஒலிகளின் பட்டியல், இன்னொன்று படம் வரைந்து அச்சுக்கு அனுப்ப. கட்டுரை எழுதப் போவதில்லை என்றால் இரண்டாவதை முதல் நாளே மூடிவிடலாம். பார்க்க அழகாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், சாம்பல் நிறத்தில் பட்டன்களாக நிற்கும், அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்புவது போல ஒரு உணர்வு. ஆனால் ஒரு ஒலியைத் தேர்ந்தெடுத்துத் திறந்து பார்த்தீர்களானால் மேலே அலை, கீழே ஸ்பெக்ட்ரோகிராம் என்று ஒரு கருப்பு வெள்ளைப் படம் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டுவது), அதன் மேல் சுருதி நீலக் கோடாக, வாயறையின் அதிர்வுகளான ஃபார்மன்ட்கள் சிவப்புப் புள்ளிகளாக. எந்த இடத்தையும் இழுத்துத் தேர்ந்தெடுத்து அந்தத் துண்டை மட்டும் கேட்கலாம். நான் ஒரு வருடமாகச் செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் இது ஒன்றுதான்.

சரி, கட்டாவுக்கு வருவோம்.

நம் வீட்டில் இருக்கும் பழைய சுலோகப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். க பக்கத்தில் பொடியாக 2, 3, 4 என்று போட்டிருப்பார்கள், எந்தக் க என்று தெரிய. பாட்டி அதைப் பார்க்காமலேதான் படித்தாள். பஞ்சாபிக்கு அதே எண்களை வைத்துக்கொள்ளலாம். பஞ்சாபியை எழுதும் குர்முகி லிபியில் 35 எழுத்துகள், எழுத்து வரிசைக்கே 'முப்பத்தைந்து' என்றுதான் பெயர். க வரிசையில் நாலு வல்லெழுத்து. க1 வைத்துக் கட்டா என்றால் எருமைக்கன்று. க2, அதாவது காற்று சேர்ந்தது, புளிப்பு. க3, 'கேஸ் சிலிண்டர்' க, மூட்டை. சிமென்ட் மூட்டை, உர மூட்டை. க4 வைத்தால் தூசி. தமிழில் எழுதினால் நாலும் கட்டா. என் வாயில் சொன்னாலும் நாலும் கட்டா.

பீஜியைச் சமையலறை ஸ்டூலில் உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்தி (இது முக்கியம், ஃபேன் சத்தம் படத்தின் அடிப்பக்கத்தை நாசமாக்கிவிடும்), நாலையும் ஐந்தைந்து முறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். பிராட்டிலேயே நேராகப் பதிவு செய்யலாம். போனில் எடுத்தால் வேவ் கோப்பாக மாற்றிக்கொள்வது நல்லது.

முதல் மூன்றும் பாடப் புத்தகத்தில் போடுகிற மாதிரி அழகாக வந்தன. க உச்சரிக்கும்போது நாக்கின் பின்பகுதி அடைத்துத் திறக்கிறதே, திறக்கிற நொடியில் படத்தில் மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று விழும். அதிலிருந்து குரல் தொடங்கும்வரை எவ்வளவு நேரம் என்பதுதான் விஷயம். எருமைக்கன்றுக்கு ஏறக்குறைய 25 மில்லி விநாடி. புளிப்புக்கு 80, 90 வரை போனது, அந்த இடைவெளி முழுக்க மணல் தூவினாற்போல் காற்று. மூட்டைக்குக் கணக்கு தலைகீழ், நாக்கு திறப்பதற்கு முன்னாலேயே குரல் தொடங்கிவிட்டது, படத்தின் அடியில் கருப்பாக ஒரு பட்டை ஓடுகிறது. அப்புறம் என் குரலைப் பதிவு செய்தேன். கன்று 22, புளிப்பு 24, மூட்டை 21. மூன்று சொல்லும் ஒரே தொழுவத்தில் நிற்கின்றன. செயலி எனக்குப் போட்ட பச்சை டிக்குகளை நினைத்துக்கொண்டேன்.

இதில் நம்மைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரும் க பெரும்பாலும் க1, நடுவில் ஒற்றையாக வந்தால் தானாக மெலிந்துவிடும், பக்கத்து எழுத்துதான் தீர்மானிக்கிறது, நாம் யோசிப்பதே இல்லை. இரண்டும் வேறு ஒலி என்று நமக்குக் காது கேட்காது, ஏனென்றால் கேட்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. கேஸ், பஸ், டஜன் என்று இரவல் சொற்களில் பழகியதால் க3 கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது. க2 வருவதற்கு, ஒரு துண்டுக் காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு அது ஆடுகிறதா என்று பார்க்கும் பழைய வித்தை உதவியது, பிறகு பிராட்டில் 60ஐத் தாண்டினால் எனக்கு நானே டீ வாங்கிக்கொடுத்தேன்.

நாலாவதுதான் என்னைக் கவிழ்த்தது. இந்தியில் க4 என்றால் குரலும் உண்டு காற்றும் உண்டு, 'கர்' (வீடு) என்று சொல்லும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு கனம் வரும். பீஜியின் தூசியிலும் அதைத் தேடினேன். அடியில் கருப்புப் பட்டையைக் காணவில்லை, காற்றையும் காணவில்லை. 25 மில்லி விநாடி, சுத்தமான க1. எருமைக்கன்றும் தூசியும் ஒரே மெய். தவறாகப் பதிவு செய்துவிட்டோமோ என்று மறுபடி சொல்லச் சொன்னேன், மறுபடியும் அதே. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் வேறாகத்தான் கேட்கிறது, ஆனால் க-வை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டால் ஒன்றாக இருக்கிறது. அரை மணி நேரம் க-வையே முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, நீலக் கோடு. கன்றில் அந்த 'அ'வின் சுருதி 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிட்டத்தட்டச் சமமாக ஓடுகிறது. தூசியில் இருபது முப்பது ஹெர்ட்ஸ் கீழே தாழ்ந்து தொடங்கி அப்புறம்தான் மேலே ஏறுகிறது. வித்தியாசம் மெய்யில் இல்லை, அதற்கு அடுத்த உயிரின் சுருதியில் இருக்கிறது!

பஞ்சாபி ஒரு சுருதி மொழி என்று பிறகுதான் படித்தேன். வட இந்திய மொழிகளில் இது அபூர்வம். ஒரு காலத்தில் க4, ச4, ட4, த4, ப4 எல்லாம் இந்தியில் இருப்பது போல இருந்திருக்கின்றன. காலப்போக்கில் அந்தக் கனம் போய்விட்டது, போகும்போது அடையாளமாகச் சுருதியை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. எழுத்து மட்டும் பழையபடியே நிற்கிறது. சொல்லுக்கு முதலில் வந்தால் குரலில்லாத மெய்யாக மாறி அடுத்த உயிர் தாழும். நடுவிலோ கடைசியிலோ வந்தால் பெரும்பாலும் குரலுள்ள மெய்யாக நின்று முந்தைய உயிர் உயரும். பாலுக்கான 'துத்' என்ற சொல்லில் (முதல் த த3, கடைசி த த4) உ உயர்ந்து வருவதும், 'சிங்' என்பதில் இ உயர்வதும் அதனால்தான். ப4 எழுத்தின் பெயரிலேயே முதல் விதி இருக்கிறது பாருங்கள், 'பப்பா' என்கிறார்கள், முதல் ப பரோட்டா ப, தாழ்ந்த சுருதியோடு, நடுவில் வருவது பஸ் ப.

நாமும் சுருதியை மாற்றுகிறோம்தான். சரி என்பதைச் சம்மதமாகவும் சொல்லலாம், சந்தேகமாகவும் சொல்லலாம், போய்த்தொலை என்றும் சொல்லலாம். ஆனால் அதனால் சரி தவறாகிவிடாது, சொல் அதே சொல். இங்கே சுருதி மாறினால் குதிரை சாட்டையாகிவிடும். நிஜமாகவே. பஞ்சாபி பற்றி எழுதுகிற எல்லோரும் காட்டும் உதாரணம் அது: 'கோடா' என்று சமமாகச் சொன்னால் சாட்டை, தாழ்த்திச் சொன்னால் குதிரை, உயர்த்திச் சொன்னால் தொழுநோயாளி. (அந்த ட நம் பக்கோடாவில் வரும் ட. அதையே சாதாரண ர-வாகச் சொன்னால் 'கோரா', புதுசு, தண்ணீர் படாத துணி. கோவை கோரா காட்டன் சேலை வாங்கியவர்களுக்கு இந்தச் சொல்லில் பாதி தெரியும்.) மூன்று கோடாவையும் பிராட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், இவ்வளவு நாளும் இதைக் கவனிக்காமல் எப்படி இருந்தோம் என்றிருக்கும். மூன்று நீலக் கோடுகள், மூன்று வேறு மலை.

இதில் நமக்கு ஒரு ஓசி லாபம் இருக்கிறது. உ.பி., பீகாரிலிருந்து வந்த என் சக ஊழியர்கள் ப4-ஐ இந்திக் கனத்தோடு சொல்வார்கள், பஞ்சாபிகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தமிழன் பாங்க்ராவைப் பரோட்டா ப-வில் சொல்வான், அண்ணனைப் 'பாஜி' என்பான், மெய் சரியாக விழுந்துவிடும், சுருதியை மட்டும் தாழ்த்தினால் போதும். தாபாவும் இப்படித்தான், எழுத்தில் ட4, பஞ்சாபி வாயில் கிட்டத்தட்ட 'டாபா', தாழ்ந்த சுருதியில். நம் நெடுஞ்சாலைப் பலகைகளில் அது எப்படித் த ஆனது என்பது வேறு கதை. ஆனால் ஓசி லாபத்தில் ஏமாந்துவிடவும் கூடாது. லூதியானா இருக்கும் மால்வா பகுதியில் ஆண்களைக் கூப்பிடுவது 'பாயீ' என்று, அசல் பஸ் ப, சுருதி கிருதி ஒன்றும் இல்லை. பஞ்சாபியில் 22க்கும் அதே சொல் என்பதால் பையன்கள் போனில் வெறும் 22 என்று அடித்துவிடுவார்கள். அதைப் பரோட்டா ப-வில் சொல்லி, என்னத்தைப் போட்டாய் என்று ஒருவர் திருப்பிக் கேட்டபோதுதான் என் தப்பு புரிந்தது. 'போட்டது' என்பதற்கும் அந்த ஒலிதான்.

அடுத்து த, ட. இதில் நாம்தான் ராஜா என்று நினைத்தேன், உண்மையும் அதுதான். 'பத்தி' என்றால் இலை, தேயிலை. 'பட்டி' என்றால் கட்டு, காயத்துக்குப் போடுவது. ஏழுக்கு 'சத்', அடிபட்டதற்கு 'சட்'. நமக்கு இது குழந்தை விளையாட்டு. ஆனால் எப்படி வித்தியாசம் தெரிகிறது என்று பிராட்டில் பார்த்தபோது மறுபடியும் அதே கதை. த்த-வும் ட்ட-வும் அடைத்திருக்கும் நேரத்தில் படத்தில் வெற்றிடம், அங்கே ஒன்றும் இல்லை. திறக்கும்போது விழும் கோட்டில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பெரிய துப்பு அதற்கு முன்னால், 'ப'வின் அகரம் முடியும் இடத்தில். நாக்கு மடங்கப் போகிறது என்றால் கீழிருந்து மூன்றாவது ஃபார்மன்ட் முன்கூட்டியே கீழே இறங்கி இரண்டாவதை நெருங்குகிறது. பத்தியில் அப்படி இறங்குவதில்லை. ட வருவதற்கு முன்னாலேயே ட வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லாததால், பட்டியின் முன்பாதியை வெட்டிப் பத்தியின் பின்பாதியோடு ஒட்டினேன். வெட்டி ஒட்டுவது இதில் கட்டுரை தட்டச்சு செய்வது மாதிரி அவ்வளவு சுலபம், அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடமாகப் பார்த்து வெட்டினால் 'டிக்' சத்தம் வராது. ஆபீஸில் சிலரிடம் போட்டுக்காட்டினேன். அவர்கள் முகத்தில் ஒரு குழப்பம் வந்ததே, அதைப் பார்க்கவே இந்த மென்பொருள் தகும். காயத்துக் கட்டு என்று ஒருவரும் தேயிலை என்று ஒருவரும் சண்டை போட்டார்கள், ஒருவர் மெஷின் கெட்டுவிட்டது என்று போய்விட்டார்.

ண, ள இரண்டும் பஞ்சாபியில் இருக்கின்றன, சொல்லுக்கு முதலில் வராது, அதிலும் நம்மைப் போலத்தான். தண்ணீர் 'பாணி', இந்தியிலிருந்து நமக்கு வந்த பானி பூரியின் ன இல்லை. 'போலி' என்றால் பேச்சு, மொழி. 'போளி' என்றால் காது கேட்காதவள். (நம் ஊர்ப் போளிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பஞ்சாபிச் சொல் இரண்டுக்கும் பஸ் ப.) 'கோலி' பணிப்பெண், 'கோளி' மாத்திரை, துப்பாக்கிக் குண்டும் அதுதான். ள-வுக்கென்று ல-வின் காலடியில் புள்ளி வைத்த எழுத்து குர்முகியில் உண்டு, ஆனால் எல்லோரும் அந்தப் புள்ளியை வைப்பதில்லை, வெறும் ல எழுதிவிட்டுப் படிப்பவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். என்னோடு வேலை செய்யும் நகரத்துப் பையன்கள் சிலர் பேச்சிலேயே ல ஆக்கிவிட்டார்கள். பீஜியின் படத்தில் ள வரும் இடமெல்லாம் அதே மூன்றாவது ஃபார்மன்ட் இறங்குகிறது, அந்தப் பையன்களின் படத்தில் இறங்கவில்லை. நான் 'தாள்' என்று பருப்பைச் சொன்னபோது (முதல் எழுத்து த3), பேரனைப் பார்த்து, மதராஸிலிருந்து வந்தவன் சரியாகச் சொல்கிறான், உனக்கென்ன என்று பீஜி கேட்டார். அந்தப் பேரன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

தலைக்கனம் அதிகமாகக் கூடாது என்றுதானோ என்னவோ, 'பதா' வந்து சேர்ந்தது. தெரியும் என்பதற்கும் முகவரிக்கும் அது. அங்கே ஒற்றை த1, குரல் இல்லாமல், உயிர்களுக்கு நடுவில். தமிழ் நாக்கு உயிர்களுக்கு நடுவில் ஒற்றை த-வைக் கண்டால் மெலித்துவிடும், 'அது' என்ற சொல்லில் 'து' எப்படி வருகிறதோ அப்படி. அழுத்திச் சொல்லப் போனால் 'பத்தா' ஆகிவிடும், அது மர இலை. நம்மிடம் இருப்பது மெலிந்த ஒற்றை, வலிந்த இரட்டை, இரண்டே கட்சி. பஞ்சாபி கேட்பது வலிந்த ஒற்றை. பீஜியின் இரட்டை த்த அடைத்திருக்கும் நேரம் ஒற்றையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒற்றையிலும் அடியில் கருப்புப் பட்டை கிடையாது. எனக்கோ ஒற்றை வரும்போதெல்லாம் பட்டை நிற்காமல் ஓடுகிறது. எதிர்ப்பக்கமும் இருக்கிறது, 'சத்தா' என்று த3-ஐ இரட்டித்தால் அழைப்பு, ஒற்றையாகச் சொன்னால் 'எப்போதும்' என்று அர்த்தம். லட்டுவை லட்டு என்று எழுதிவிட்டு மெலித்துச் சொல்கிறோமே, அந்தப் பழக்கம் அதற்கு உதவும். பதாவுக்கு உதவ யாரும் இல்லை. அது வந்து சேர்ந்து ஆறு மாதம் ஆகியும் என் பதா பாதி நாள் இலையாகத்தான் இருக்கிறது.

இப்போது மென்பொருளின் குணங்கள். இது எண்ணைக் காட்டும், எண்ணைச் சரியாகக் கேட்பது நம் பொறுப்பு. சுருதி வரம்பை ஆண் குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 500 என்று வைத்துக்கொள்வது வழக்கம். நான் என் குரலுக்காக வைத்த வரம்பை இன்னும் குறைத்து, மாற்ற மறந்து பீஜியின் பதிவைத் திறந்தேன். நீலக் கோடு நடுவில் தாவிப் பாதி அளவுக்குக் கீழே போய் விழுந்தது, அதைப் பார்த்துவிட்டுப் பஞ்சாபியில் நாலாவதாக ஒரு சுருதி இருக்கிறது என்று நண்பனுக்கு நடுராத்திரியில் செய்தி அனுப்பினேன். அவன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். ஃபார்மன்டும் அப்படியே, பெண் குரலுக்கு உச்ச வரம்பு 5500, ஆணுக்கு 5000. மாற்றாமல் விட்டால் சிவப்புப் புள்ளிகள் கொசுக்கூட்டம் மாதிரி அலையும், அதை வைத்து எதையும் சொல்லக்கூடாது. சொல்லைத் தனியாகச் சொல்லச் சொல்லாமல் ஒரே வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், இல்லையென்றால் கடைசிச் சொல்லில் எல்லோரும் குரலை இறக்கிவிடுவார்கள், அது சுருதியா களைப்பா என்று தெரியாது.

கற்றுக்கொடுக்குமா என்றால், இல்லை. பாடம் கிடையாது, வரிசை கிடையாது, சபாஷ் கிடையாது. தமிழில் வழிகாட்டி நான் தேடியவரை கண்ணில் படவில்லை, உதவிப் பக்கங்கள் ஆங்கிலத்தில், நிறையவே இருக்கின்றன. மொழியைப் பேசிப் பழக ஒரு மனிதர் வேண்டும், அவர் சொல்வதற்கும் நாம் சொல்வதற்கும் எங்கே இடிக்கிறது என்று பார்க்கத்தான் இது. இந்தியாவில் 2011 கணக்குப்படி 3.3 கோடி பேருக்குத் தாய்மொழி, எல்லைக்கு அந்தப் பக்கம் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. பஞ்சாபி வேண்டாம் என்பவர்களும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். உங்கள் வீட்டில் ழ சொல்ல மறுக்கும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் குரலையும் தாத்தா குரலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம், குடும்பத்தில் கலகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

போன வாரம் ராஜஸ்தான் பக்கமிருந்து புழுதிக்காற்று அடித்தது. மாலையில் வந்து கதவைத் திறந்தால் தரை, மேஜை, லேப்டாப் எல்லாம் ஒரே மண். படிக்கட்டில் நின்று, மாடி முழுக்கக் 'கட்டா' பீஜி என்று குரல் கொடுத்தேன், க-வைப் பற்றி ஒன்றும் நினைக்காமல், குரலை மட்டும் தாழ்த்தி. சமையலறையில் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பு வருமென்று காத்திருந்தேன். புடவைத் துணி கிழித்த ஒரு பழந்துணியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்.